போகும்போது தள்ளிய காற்று

போன மாதம் நானும் நண்பன் ஒருவனும் கடற்கரைச் சாலையில் சைக்கிளில் போய்வந்தோம். வழியெங்கும் மேடு என்று ஒன்றுகூட இல்லை. போக 30 கிலோமீட்டர், வர 30. நிதானமாக மிதித்தாலும் மணிக்கு 15 கி.மீ. வரும், ஆக மொத்தம் 4 மணி நேரம், நடுவில் கொஞ்சம் ஓய்வு என்று கணக்குப் போட்டுக்கொண்டு காலை 10 மணிக்குச் சாவகாசமாகக் கிளம்பினோம்.

போகும்போது மிதித்ததே தெரியவில்லை. பரவாயில்லையே, உடம்பு தேறிவிட்டது என்று ஒருவரை ஒருவர் மெச்சிக்கொண்டோம். வழியில் வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்கே வரைக்கும் என்று கேட்டார். சொன்னோம். கடலை ஒரு தடவை பார்த்தார். “திரும்பி வரணும்ல?” என்றார். சிரித்துவிட்டுப் போனோம்.

திரும்பும்போது பிற்பகல் ஒன்றரை. முகத்தில் அறைகிற மாதிரி காற்று. கியரை எவ்வளவு குறைத்தும் 8 கி.மீ. வேகத்துக்கு மேல் ஏறவில்லை. மேடாக இருந்தால் ஏறி முடித்ததும் ஓர் இறக்கமாவது வரும். இதில் அதுவும் இல்லை. வீடு சேரும்போது இருட்டிவிட்டது. அடுத்த முறை அப்பாவையும் கூட்டிப்போக ஆசை; அவருக்கு 62 வயது. எப்படித் திட்டமிடுவது?

*

தூரக் கணக்கு சரிதான், 10 மணிதான் தப்பு. வெயில் ஏறினால் கடலைவிட நிலம் சீக்கிரம் சூடாகும். நிலத்தின் மேலுள்ள காற்று எழும்ப, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து காற்று வரும். முற்பகலில் தொடங்கி, பிற்பகலில் உச்சத்துக்குப் போகும். நேர் குறுக்காக வந்தால் பக்கக்காற்றோடு போயிற்று. அன்றைய பொதுவான காற்றும் சேர்ந்து சாய்வாக வந்தால் ஒரு பக்கம் தள்ளும், மறுபக்கம் தடுக்கும். உங்களைத் தள்ளியது அதுதான், உடம்பு தேறியதெல்லாம் அப்புறம்!

நீங்கள் 15 கி.மீ. வேகத்தில் போக, எதிரே 15 கி.மீ. காற்று வந்தால் உடம்புக்கு அது 30. காற்றுத்தடை இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். பெரியவர் கடலைப் பார்த்தது சும்மா இல்லை. அலை முகட்டில் அங்கங்கே வெள்ளை நுரை தெரிந்தால் காற்று 12 முதல் 19 கி.மீ. வரை வீசுகிறது என்று அர்த்தம். நுரை நிறையத் தெரிந்தால் 20-ஐத் தாண்டிவிட்டது. இரண்டாவதைப் பார்த்தால் நான் சைக்கிளை உள்ளே வைத்துவிடுவேன்.

விடிந்ததும் கிளம்புங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ, முதலில் அந்தப் பக்கமே போங்கள். கால் புதிதாக இருக்கும்போது எதிர்க்காற்று, களைத்தபின் பின்காற்று. அப்புறம், இத்தனை கிலோமீட்டர் என்று வைக்காமல் இத்தனை மணிக்குத் திரும்புவது என்று வையுங்கள்.

*

62 வயது என்றதால் எழுதுகிறேன். என் அம்மாவோடு இப்படிப் போனேன். காற்றே இல்லாத நாள், ஆனாலும் 12 கி.மீ.யில் முட்டி வலி. இரண்டு காலும் தரையில் நன்றாக ஊன்ற வேண்டும் என்று சீட்டைத் தாழ்த்தி வைத்திருந்தார். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீளும் உயரம்தான் சரி. பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கும். ஆனால் நிற்கும்போது சீட்டை விட்டு இறங்கித்தான் கால் ஊன்ற முடியும். அம்மா அதற்கு ஒப்புக்கொள்ளவே இல்லை. கடைசியில் பாதி வழியில் சமரசம்.

இன்னொன்று, சமதளச் சாலையில் இறக்கமே இல்லாததால் மிதிப்பதும் நிற்காது, உட்காரும் விதமும் மாறாது. சீட் உறுத்தும். சுண்டுவிரல் மரத்துப்போகும், உள்ளங்கை ஓரத்தில் போகிற நரம்பு அழுந்துவதால். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை பெடல் மேல் எழுந்து நில்லுங்கள், கையை இடம் மாற்றுங்கள். தொப்பி போட்டால் போதும் என்று நினைத்து என் தாடை கறுத்தது தனிக்கதை. மணலிலிருந்தும் கடல் நுரையிலிருந்தும் வெயில் திரும்பி அடிக்கும்.

*

மணலில் இறக்கிப் பார்க்கிற ஆசை யாருக்கும் வரும். எனக்கும் வந்தது. அலை வற்றின நேரத்தில் ஈர மணல் இறுகி, ஓட்ட நன்றாகத்தான் இருந்தது. திரும்பும்போது கடல் ஏறியிருந்தது, உருட்டிக்கொண்டே வந்தேன். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் பெரும்பாலான கரைகளில் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். நேரத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். சாலையிலும் வளைவுகளில் காற்று கொண்டுவந்து போட்ட மணல் கிடக்கும். அதன் மேல் முன் பிரேக்கைத் தொடாதீர்கள்.

வந்ததும் படுத்துவிடாதீர்கள். நான் படுத்தேன். நாலாம் நாள் செயின் பழுப்பு நிறத்தில் கிறீச்சென்றது. உப்பையும் மணலையும் நல்ல தண்ணீர் விட்டு மெதுவாகக் கழுவி, துடைத்து, காய்ந்தபின் எண்ணெய் விடுங்கள். பீய்ச்சி அடித்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகும்.

*

எல்லோருக்கும் நன்றி. நேற்று அப்பாவோடு போய்வந்தேன். 5.45-க்குக் கிளம்பினோம், எதிர்க்காற்று இருந்தது, ஆனால் பேசிக்கொண்டே மிதிக்கிற அளவுதான். 7.15-க்குத் திரும்ப வேண்டும் என்று பேச்சு. அந்த நேரத்தில் கலங்கரை விளக்கம் கண்ணுக்குத் தெரிந்தது, 2 கி.மீ. இருக்கலாம். அப்பா, “இதோ, தொட்டுட்டு வந்துடலாம்” என்றார். கடலில் அங்கங்கே நுரை தெரிய ஆரம்பித்திருந்தது. மாட்டேன் என்று திரும்பிவிட்டேன்.

வருகிற வழியெல்லாம் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது. முட்டி வலி இல்லை. அப்பா வீட்டுக்கு வந்து சைக்கிளைத் தானே கழுவினார், ஆனால் என்னிடம் சரியாகப் பேசவில்லை. அடுத்த வாரம் ஐந்து மணிக்கே கிளம்ப வேண்டுமாம்.