புதுப்பிப்பு: சைக்கிளில் மாறி வந்த பாகங்கள்

போன வாரம் புலம்பியிருந்தேனே, காரைக்குடிக் கடையில் புது சைக்கிளுக்கு 8 கியர் கேசட் என்று முன்பணம் வாங்கிவிட்டு 7 கியர் ஃப்ரீவீல் மாட்டிக் கொடுத்தார்கள் என்று. இரண்டுமே பின் சக்கரத்தின் பல்சக்கர அடுக்குதான். நேற்று பில்லோடு போனேன்.

"ஸ்டாக் இல்லண்ணே, ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் கடைக்காரர்.

எங்கே ஒன்று? ஃப்ரீவீல், ஹப்பின் (சக்கரத்தின் நடுப் பகுதி) மரையில் திருகுவது. கேசட், ஃப்ரீஹப்பின் (ஹப்போடு சேர்ந்த, தனியாகச் சுழலும் உருளை) காடிகளில் சொருகுவது. பல்சக்கரத்தை மட்டும் மாற்றினால் போதாது, பின் சக்கரமே மாற வேண்டும். கியர் மாற்றும் ஷிஃப்டரும்தான். அதில் எண் 7 வரைதான் இருந்தது. விரல் வைத்துக் காட்டியதும் ஆள் அமைதியாகிவிட்டார்.

பத்து நாளில் இரண்டையும் மாற்றித் தருவதாக பில்லின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பிரேக் கட்டையும் வேறு கம்பெனிதான். சரி, நன்றாகப் பிடிக்கிறது, விட்டுவிட்டேன். அதுவரை கானாடுகாத்தானுக்குப் பழைய சைக்கிள்தான்.