மூணாவது டயர்ல நின்னுபோற பேட்டரி ஏர் பம்ப்: யாருக்கெல்லாம் ஆச்சு?

பாலைவண்டி:
ஜெய்சல்மேர், சாம் மணல்மேடு. 255/65 ஆர்18 டயர், மணலுக்காகக் காத்தழுத்தத்தை 15 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினது. ரோட்டுக்கு 30 வேணும். ரெண்டு டயர் ஒழுங்கா ஏறிச்சு. மூணாவதுல 24 காட்டும்போது பம்ப் பொசுக்குனு நின்னுச்சு. பேட்டரியில இன்னும் ரெண்டு கோடு எரியுது. வால்வுல மாட்டுற பித்தளை முனையைத் தொட முடியல, அவ்வளவு சூடு. நிழல்ல வெச்சு நல்லா ஆறின பிறகுதான் மறுபடி ஓடிச்சு. கட் பண்ணது எது, பேட்டரியா மோட்டாரா?

நாலுசக்கரம்:
கோடு மிச்சம் இருந்து முனை சுட்டா, பெரும்பாலும் பம்ப்போட சூட்டு கட்தான், அதாவது ரொம்ப சூடானா மோட்டார் தானா நின்னுக்கிற பாதுகாப்பு. அந்த டயர்ல உள்ளிடம் சுமார் 70 லிட்டர். 15 பி.எஸ்.ஐ. ஏத்துறதுன்னா இன்னொரு 70 லிட்டர் வெளிக்காத்தைத் திணிக்கணும், நாலுக்கும் 280. பம்ப் நிமிஷத்துக்கு 10-12 லிட்டர் தள்ளினா டயருக்கு 6-7 நிமிஷம். "10 நிமிஷம் ஓட்டு, அப்புறம் ஆறவிடு"ன்னு கூட வர்ற சீட்டுல இருக்கும், யார் படிக்கிறா? 18 வோல்ட் 5 ஏ.ஹெச். (ஆம்பியர் அவர், பேட்டரி கொள்ளளவு) பேட்டரின்னா 90 வாட் அவர், நாலு டயருக்குத் தாங்கும். 2 ஏ.ஹெச்.னா 36தான், ரெண்டு மூணு டயர்ல படுத்துடும். அட்டைப்பெட்டியில பெருசா போட்டிருக்கிற 150 பி.எஸ்.ஐ.யைப் பார்த்து வாங்காதீங்க, நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர்னு பாருங்க.

பனிமேடு:
எல்லாத்துக்கும் சூடுன்னு சொல்லிட முடியாது. லடாக்ல நூப்ரா பள்ளத்தாக்கு, ஹுண்டர் மணல்ல, குளிர்ற காலை நேரத்துல, இதே அளவு டயருக்குப் பத்து நிமிஷம் ஆச்சு. அங்க உயரம் 3,000 மீட்டருக்கு மேல. கடல்மட்டக் காத்தழுத்தத்துல எழுபது சதவீதம்கூட இல்ல, அதனால பம்ப் அடிக்கிற ஒவ்வொரு தடவையும் உள்ள போற காத்தும் அவ்வளவுதான். மோட்டார் மேல குத்தமில்ல.
இன்னொண்ணு. லே போனதும் பிரஷர் தானா ஏறிடும், இறக்குங்கன்னு ஒரு கூட்டம் சொல்லிட்டே இருக்கு. மணாலியில இருந்து லேக்கு உயரத்தால ஏறுறது 2 பி.எஸ்.ஐ. சுமார். ராத்திரி பத்து டிகிரி குளிர்ந்தா அதுல சுமார் ஒன்றரை இறங்கிடும். காலையில வண்டியை எடுக்கிறதுக்கு முன்னாடி அளந்து, கதவு ஸ்டிக்கர்ல இருக்கிற அளவுக்கு வெச்சா போதும். ஓடி வந்த சூட்டுல அளந்து இறக்கினா மறுநாள் காலையில டயர் தொளதொளன்னு நிக்கும்.

நாலுசக்கரம்:
பனிமேடு, உயரக் கணக்கு சரி. ஆனா அவர் கேட்டது சாம், அங்க உயரமே கிடையாது.

வால்வுமூடி:
யாரும் கேட்கல, இருந்தாலும் சொல்றேன். பம்ப்பை ரப்பர் வால்வுல தொங்கவிடாதீங்க. அதிர்வுல வால்வோட அடி கீறும், ரெண்டு நாள் கழிச்சு கசியும். தரையில துணி விரிச்சு வைங்க, மணலையும் உறிஞ்சாது. மாட்டுறதுக்கு முன்னாடி வால்வை ஒரு நொடி அழுத்திக் காத்தை விடுங்க, ஊசியில ஒட்டின மணல் வெளிய வந்துடும். பம்ப் ஓடும்போது காட்டுற அளவை நம்ப வேணாம், நிறுத்திட்டுத் தனி கேஜ்ல பாருங்க. டயர் ரிம்மை விட்டுக் கழண்டிருந்தா இந்தப் பம்ப்பால ஆகாது. ஒரே மூச்சுல நிறைய காத்து வேணும், டேங்க் வெச்ச கம்ப்ரசர்தான்.

பாலைவண்டி:
ரிம்மை விட்டுக் கழண்ட டயரைச் சுத்தி ராட்செட் பெல்ட்டை (சரக்கு கட்டுற இறுக்குப் பட்டை) இறுக்கிக் கட்டினா கைப்பம்ப்பே போதும்னு சொல்றாங்களே, பலிச்சவங்க யாராவது இருக்கீங்களா?