மறு: வல்னரபிலிட்டி – ‘தாங்காமை’ என்று சொல்லலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

பேரிடர் துறையில் வரும் ‘வல்னரபிலிட்டி’ (vulnerability), அதாவது புயல் போன்ற ஒன்று வந்தால் எளிதில் சேதப்படக்கூடிய நிலை, இதற்குத் தமிழில் என்ன சொல் என்று குழுவில் பேசிக்கொண்டிருக்கிறோம். வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> ‘பாதிப்பு’ என்றே வைத்துக்கொள்வோம், எல்லாருக்கும் தெரிந்த சொல்.

தெரிந்த சொல் என்பதுதான் சிக்கல். வேதாரண்யம் பக்கம் ஊராட்சி அளவில் பேரிடர் கணக்கெடுப்புக்குப் போனபோது என் கையில் இருந்த படிவத்தில் ‘பாதிப்பு’ என்றுதான் அச்சடித்திருந்தது. ஓர் அம்மாவிடம் கேட்டேன். “தென்னை ஏழு போச்சு தம்பி, ஆட்டுக் கொட்டாய் பறந்துடுச்சு” என்றார். 2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா புயல் கொண்டுபோனதை எல்லாம் வரிசையாகச் சொன்னார். வீடு வீடாக இதேதான். வரப்போவதைப் பற்றிய கேள்விக்கு வந்துபோனதன் பட்டியல் பதிலாகக் கிடைத்தது. தமிழில் பாதிப்பு என்றால் நடந்து முடிந்தது.

அப்புறம் அதே அம்மாவிடம் கேள்வியை மாற்றினேன்: “இனி ஒரு புயல் வந்தா இங்க எதும்மா தாங்காது?” அண்ணாந்து கூரையைப் பார்த்தார். “இந்த ஷீட்டு தாங்காது, மூணு ஆணிதான் அடிச்சிருக்கு. அதைவிட, வாங்குன கடனே இன்னும் முடியல. இன்னொரு தடவைன்னா நான் தாங்க மாட்டேன்.”

கட்டடத்தின் பலவீனம், குடும்பத்தின் பலவீனம் இரண்டையும் ஒரே வினைச்சொல்லில் சொல்லிவிட்டார். வல்னரபிலிட்டி என்ற சொல் சுமப்பதும் இந்த இரண்டையும்தான். அதனால் என் முன்மொழிவு: தாங்காமை.

> எதிர்மறைப் பெயர் கலைச்சொல்லாக நிற்காது.

நிற்கும். அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு ஒழித்தது ‘தீண்டாமை’யை. கல்லாமை, இல்லாமை எல்லாம் அன்றாடம் புழங்குகின்றன. ‘பொறாமை’ பொறுக்காமையிலிருந்து நழுவி வேறு பொருளுக்குப் போய்விட்டதே என்றால், உண்மைதான். ஆனால் ‘தாங்கும், தாங்காது’ இன்று எல்லார் வாயிலும் இருக்கிற வினை. அது இருக்கும்வரை அதன் பெயர்ச்சொல் அவ்வளவு எளிதில் நழுவாது.

வல்னரபிலிட்டிக்கு ‘நலிவு’ என்ற யோசனையும் நல்லதே. ஆனால் நலிந்தவர் ஏற்கெனவே தேய்ந்துபோனவர். தென்னந்தோப்புக்காரரை நினைத்துப் பாருங்கள். கஜாவுக்கு முதல் நாள் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் அவரை யாரும் நலிந்தவர் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். நெல் சாய்ந்தால் அடுத்த பட்டத்தில் விதைக்கலாம். நெட்டைத் தென்னை சாய்ந்தால் புதுக்கன்று காய்க்க ஆறேழு ஆண்டு. காற்று ஒன்றுதான், வசதியும் குறைவில்லை, தாங்காமை மட்டும் அதிகம்.

மற்ற சொற்களையும் இத்தோடு பிரித்துவிட வேண்டும். ஹசார்டுக்கும் (hazard, ஆபத்தைக் கொண்டுவரும் நிகழ்வு) இடர், ரிஸ்க்குக்கும் (risk) இடர் என்று எழுதினால் கணக்கே வராது. புயல் அடிப்பது இடர். அந்த இடர், அதன் வழியில் இருப்பவை, அவற்றின் தாங்காமை மூன்றும் சேர்ந்தால்தான் ரிஸ்க். அதற்கு ‘இழப்பு வாய்ப்பு’ போதும் என்று நினைக்கிறேன். வாய்ப்பு என்றால் நல்லதற்கு மட்டும்தானே என்று ஒருவர் கேட்டிருந்தார். ‘கனமழைக்கு வாய்ப்பு’ என்று வானிலை அறிக்கையில் தினமும் கேட்கிறோமே. இலங்கை நண்பர்கள் பேரிடரை அனர்த்தம் என்கிறார்கள், அதில் எனக்குச் சண்டை இல்லை.

எனக்குப் பிடிபடாதது எக்ஸ்போஷர் (exposure), அதாவது மேலே சொன்ன ‘இடரின் வழியில் இருப்பது’. ‘வெளிப்பாடு’ வேண்டவே வேண்டாம், அது உணர்ச்சியைக் காட்டுவதற்கான சொல். ‘ஆட்படல்’ என்றால் அடிமைப்படுவது போல் ஒலிக்கிறது. கரையோரத்தில் “நம்ம வீடு கடல் முகத்துல இருக்கு” என்பார்கள். அந்த ‘முக’த்திலிருந்து ஒரு சொல் எடுக்க முடியுமா? ‘இடர்முகம்’ என்று எழுதிப் பார்த்தேன், வாக்கியத்தில் சரியாக உட்காரவில்லை. மீனவர், உப்பளத் தொழிலாளர் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் இதை எப்படிச் சொல்வார்கள்?