புதுப்பிப்பு: மீட்டர் முள் அசையாத கே1000

சித்தப்பா தந்த பென்டாக்ஸ் கே1000 பிலிம் கமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் முள் அசையவில்லை, இதை வைத்துப் படம் எடுக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். எடுக்கலாம். முதல் ரோல் கழுவியும் வந்துவிட்டது.

பெற்றரி மாற்றியும் முள் எழும்பவில்லை. ஆனால் நீங்கள் சொன்னது சரி: இதில் பெற்றரி மீட்டருக்கு மட்டும்தான், ஷட்டர் முழுக்க ஸ்பிரிங்கில் ஓடுகிறது. ஐஎஸ்ஓ 200 (வெளிச்ச உணர்திறன்) கலர் நெகட்டிவ் பிலிம் போட்டு, நல்ல வெயிலுக்கு லென்ஸ் துவாரம் எஃப்16, ஷட்டர் 1/250 செக்கன் என்ற பழைய கணக்கில் கொழும்பில் காலிமுகத்திடலிலும் செட்டியார் தெருவிலும் எடுத்தேன். கடற்கரைப் படங்கள் அருமை. தெருவில் கட்டட நிழலுக்குள் நின்ற முகங்கள்தான் மங்கல், அங்கே துவாரத்தை எஃப்5.6, எஃப்4 வரைகூடத் திறக்க வேண்டும் (எண் குறைந்தால் துவாரம் பெரிது). நெகட்டிவ் கூடுதல் வெளிச்சத்தைத் தாங்கும், குறைவைத் தாங்காது. சந்தேகம் வந்தால் இனி ஒரு ஸ்டாப் (இரு மடங்கு வெளிச்சம்) கூட்டித்தான்.

மீட்டரைத் திருத்தச் சொன்னவர்களுக்கு: இப்போதைக்கு இல்லை. அந்தக் காசுக்கு பிலிம் வாங்கலாம்!

அப்புறம், கொழும்புப் புழுக்கத்தில் லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கும் என்று எச்சரித்தவருக்கு நன்றி. தோல் உறையைக் கழற்றிவிட்டு (ஈரம் அதில்தான் தங்குகிறது), சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வைத்திருக்கிறேன். அடுத்தது கறுப்பு வெள்ளை.