சைலன்சர் குரோமில் வெந்து ஒட்டிய தார், எப்படி எடுப்பது?

வணக்கம். வண்டி ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, 2018 மாடல், 41,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மூன்று வாரம் முன்பு விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரும்போது புதிதாகத் தார் போட்ட இடத்தில் ஓட்ட வேண்டியதாகிவிட்டது. மழைச் சேறும் சேர்ந்து, பெண்ட் பைப்பிலும் (இன்ஜினிலிருந்து சைலன்சருக்கு வரும் வளைந்த குழாய்) சைலன்சரிலும் மிளகு அளவில் கரும்புள்ளிகள். அன்றே துடைத்திருக்க வேண்டும், நான்கு நாள் அப்படியே ஓட்டியதில் சூட்டில் வெந்து இறுகிவிட்டன. நகத்தால் சுரண்டினால் மேலே பொடியாக உதிர்கிறது, அடியில் பழுப்புக் கறை அப்படியே நிற்கிறது.

வண்டி நன்றாக ஆறிய பிறகு மண்ணெண்ணெய் நனைத்த துணியை அரை மணி நேரம் சுற்றி வைத்தேன். சைலன்சரின் பின்பக்கம், அதாவது அவ்வளவாகச் சூடேறாத இடத்தில், சுத்தமாகப் போய்விட்டது, பெண்ட் பைப்பில் அசையவே இல்லை. அப்புறம் டபிள்யூடி-40 ஸ்பிரே, பற்பசை எல்லாம் போட்டுப் பார்த்தேன். அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்ததில் லேசாக இருந்த துரு போனது, தார் போகவில்லை. வாட்டர் வாஷ் கடையில் ஆசிட் போடலாம் என்றார்கள், குரோம் மங்கிவிடும் என்று மறுத்துவிட்டேன். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரையும் தொடவில்லை, அப்பா ஓட்டிய வண்டி, ஒரு கீறல்கூட விழக் கூடாது. இன்ஜின் பக்கம் நீலம் பாய்ந்திருப்பது சூட்டினால் வந்தது, அதை விட்டுவிடுங்கள்.

0000 நம்பர் ஸ்டீல் உல்லை (மிக மெல்லிய இரும்பு நார்) எண்ணெயில் தோய்த்து, குரோமில் கீறல் விழாமல் இப்படி வெந்த தாரை எடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?