இயேசு எல்லாவற்றிலும் மேலானவர் என்றால் ஜெபக் குறிப்பு முழுக்க ஏன் விசாவும் வீடும்?

பழைய_கொயர்பாய்:
சண்டை போட வரவில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வருகிற ஜெபக் குறிப்புகளை டைப் செய்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிற வேலை ஆறு வருடமாக என்னுடையது. சிலர் சீட்டில் எழுதித் தருவார்கள், சிலர் வாய்ஸ் நோட் அனுப்புவார்கள். போன வாரம் 43 வந்தது. கனடா விசா, மகளுக்கு நம்ம ஆட்களில் நல்ல வரன், கிட்னியில் கல், இரண்டாவது தடவை நீட் எழுதுகிற பையன், அடகில் இருக்கிற நகை, பக்கத்து வீட்டுக்காரரோடு சுவர் தகராறு. 43-ல் ஒன்றுகூட "எனக்கு இயேசு வேண்டும்" என்று இல்லை.

அன்றைக்குப் பிரசங்க வசனம் பிலிப்பியர் 3:8. கிறிஸ்து இயேசுவை அறிகிற அறிவின் மேன்மைக்காக எல்லாவற்றையும் நஷ்டமென்று எண்ணுகிறேன், குப்பையாக எண்ணுகிறேன் என்று பவுல் எழுதியது. பாஸ்டர் கண்ணீரோடு பேசினார், நாங்களும் அழுதோம், மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த நிமிடமே அந்த 43-ஐ வரிசையாக வாசித்து ஜெபித்தோம். குப்பை என்று இப்போதுதானே சொன்னோம்? ஒன்று அந்த வசனம் யாருக்கும் உண்மையில்லை, இல்லையென்றால் எங்களில் யாரும் கிறிஸ்தவன் இல்லை. எது?

தர்க்கவாதி_74:
மூன்றாவது ஒன்று இருக்கிறது தம்பி. அந்த வாக்கியம் உண்மையா பொய்யா என்று பார்க்கவே முடியாதபடி செய்யப்பட்டது. விசா கிடைத்தால் "கர்த்தர் கொடுத்தார்" என்று சாட்சி. கிடைக்காவிட்டால் "விசாவைவிட மேலானவர் என்னோடு இருக்கிறார்" என்று அதுவும் சாட்சி. பூ விழுந்தாலும் ஜெயம், தலை விழுந்தாலும் ஜெயம். இப்படி ஒரு ஆட்டத்தில் நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதே வீண் வேலை.

இறையியல்_மாணவன்:
பிரதர், நீங்கள் கேட்ட கேள்வி யோவான் 6-லேயே இருக்கிறது. இயேசு ஐயாயிரம் பேருக்குச் சாப்பாடு கொடுத்த மறுநாள் கூட்டம் படகேறி அவரைத் தேடி வருகிறது. அவர் சந்தோஷப்படவில்லை. அப்பம் புசித்துத் திருப்தியானதினாலேயே என்னைத் தேடுகிறீர்கள் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுகிறார். அதற்குப் பிறகுதான் "ஜீவ அப்பம் நானே". அதைக் கேட்டு நிறையப் பேர் கிளம்பிப் போய்விடுகிறார்கள், நீங்களும் போய்விட மனதாயிருக்கிறீர்களோ என்று பன்னிருவரிடம் கேட்கிறார். பேதுரு சொன்ன பதில் "ஆண்டவரே, யாரிடத்தில் போவோம்". அதில் எனக்குப் பிடித்தது, போக வேறு இடமும் தேடிப் பார்த்துவிட்ட ஆள் பேசுகிற மாதிரி இருப்பது. ஆக உங்கள் 43 குறிப்பும் புதிது இல்லை, முதல் நூற்றாண்டிலேயே அந்தப் பட்டியல் இருந்தது.

அப்புறம் பிலிப்பியர். பவுல் குப்பை என்று சொன்னது எதை? மூன்று வசனம் மேலே போங்கள். எட்டாம் நாளில் விருத்தசேதனம், இஸ்ரவேல் வம்சம், பென்யமீன் கோத்திரம், எபிரெயரில் பிறந்த எபிரெயன், பரிசேயன். அவர் பட்டியலில் வீடும் இல்லை, கல்யாணமும் இல்லை, உடல்நலமும் இல்லை. அதே கடிதம் இரண்டாம் அதிகாரத்தில் எப்பாப்பிரோதீத்து என்ற நண்பன் சாகக்கிடந்து பிழைத்ததைச் சொல்லும்போது, துக்கத்தின்மேல் துக்கம் வராதபடி தேவன் எனக்கும் இரங்கினார் என்கிறார். எல்லாம் குப்பை என்கிற மனிதர் நண்பன் செத்திருந்தால் நொறுங்கிப் போயிருப்பார். ஆசையை வெட்டிப் போடச் சொல்கிற வசனம் அது இல்லை.

பழைய_கொயர்பாய்:
நன்றாக இருக்கிறது, ஆனால் "எல்லாவற்றையும்" என்று எழுதியிருக்கிறாரே பிரதர். எல்லாவற்றையும் என்றால் எல்லாவற்றையும்தானே. சௌகரியமாகக் கோத்திரத்தோடு நிறுத்திக்கொள்கிறீர்கள்.

தர்க்கவாதி_74:
தமிழ்நாட்டில் இது எப்படி ஆரம்பித்தது என்பதையும் பேசுவோமே. 1530-களில் தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறைக் கடற்கரையில் பரவர்கள் என்ற மீனவ சமூகத்தார் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றது ஏன்? கடலில் முத்துக் குளிப்பதில் போட்டியாக இருந்தவர்களிடமிருந்து போர்ச்சுகீசியர் காப்பாற்றுவார்கள் என்பதற்காக. பிரான்சிஸ் சவேரியார் வந்து சேர்ந்தது 1542-ல், அதற்கு முன்பே ஞானஸ்நானம் முடிந்துவிட்டது, மக்களுக்கு ஜெபம்கூட சரியாகத் தெரியாது. ஆக "எல்லா ஏக்கத்துக்கும் மேலானவர்" இங்கே வந்து இறங்கியது ஒரு பாதுகாப்பு ஒப்பந்தமாக. அன்றைக்கு அது, இன்றைக்குக் கனடா.

முத்துக்குளி:
தூத்துக்குடிக்காரன் நான், என் ஊரை இழுத்ததால் வருகிறேன். ஐயா சொன்ன முதல் பாதி சரி, எங்கள் வீட்டிலேயே அப்படித்தான் சொல்வார்கள், வெட்கமில்லை. இரண்டாவது பாதியை விட்டுவிட்டார். 1658-ல் டச்சுக்காரர் வந்து போர்ச்சுகீசியரைத் துரத்தினார்கள். காப்பாற்றுகிறவன் போய்விட்டான், ஒப்பந்தம் செத்தது. வந்தவர்கள் கத்தோலிக்கத்துக்குத் தொல்லை கொடுத்தார்கள், தங்கள் சீர்திருத்த சபைக்கு இழுத்தும் பார்த்தார்கள். லாபக் கணக்கு மட்டும் என்றால் அன்றைக்கே எங்கள் ஆட்கள் கட்சி மாறியிருக்க வேண்டும். மாறவில்லையே? இன்றைக்கும் ஆகஸ்ட் 5-ஆம் தேதி பனிமய மாதா கோவிலுக்கு வந்து பாருங்கள்.

எங்கள் தாத்தா சங்கு குளித்தவர். மத்தேயு 13-ல் ஒரு வியாபாரி விலையுயர்ந்த ஒரு முத்துக்காகத் தனக்குள்ள எல்லாவற்றையும் விற்றான் என்று சாமியார் வாசிக்கும்போது தாத்தா சிரிப்பாராம், "மூச்சைப் பிடிச்சு எடுத்தவனைப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே" என்று. ஆனால் ஒரு ஞாயிறு பூசைகூட விட்டதில்லை. சோற்றுக்காக வந்தவன் சோறு இல்லாதபோதும் இருக்கிறான் என்றால் நடுவில் என்னவோ நடந்திருக்கிறது. அது என்ன என்று உங்களுக்குப் பாடம் நடத்துகிற அளவு எனக்குப் படிப்பு இல்லை.

தர்க்கவாதி_74:
நடுவில் நடந்ததற்குப் பெயர் வழக்கம், அடையாளம், சொந்தபந்தம். நூறு வருடம் ஒரு இடத்தில் பெண் கொடுத்துப் பெண் எடுத்தால் யாரும் விட்டுப் போகமாட்டார்கள். அப்புறம் அந்த வியாபாரியைப் பற்றி எனக்கும் ஒரு சந்தேகம் ரொம்ப நாளாக உண்டு: எல்லாவற்றையும் விற்று முத்தை வாங்கிவிட்டான், சரி, மறுநாள் காலையில் என்ன சாப்பிட்டான்?

ஆழ்வார்தாசன்:
எனக்கு வேறு பிரச்சினை. இதை ஏன் கிறிஸ்தவர்களின் தனிச் சொத்து மாதிரி பேசுகிறீர்கள்? குலசேகர ஆழ்வார் சேர அரசர். ஊனைப் பெருக்குகிற இந்த உடற்பிறவியே வேண்டாம், திருவேங்கடத்துக் கோனேரிக் குளத்தில் ஒரு கொக்காகப் பிறந்தால் போதும் என்கிறார். அப்புறம் அரம்பையர் சூழ வானை ஆளுகிற செல்வமும் வேண்டாம், மண் அரசும் வேண்டாம், சுனையில் மீனாகப் பிறந்தால் போதும் என்கிறார், பிறகு சன்னிதியில் எல்லாரும் மிதித்து ஏறுகிற படியாகக் கிடக்கிறேன் என்கிறார். இன்றைக்கும் பெருமாள் கோவில் கருவறை வாசற்படிக்குக் குலசேகரன் படி என்றுதான் பெயர். எல்லா ஆசைக்கும் மேலே ஒருவன் என்கிற உணர்ச்சி அங்கே முழுதாக இருக்கிறது. பிறகு "இயேசு மட்டுமே" என்பது எங்கிருந்து வருகிறது?

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், திருப்பதி உண்டியலிலும் விசா வேண்டுதல்தான் விழுகிறது. கொயர்பாய் தம்பி தன் சபையை மட்டும் திட்டிக்கொள்ள வேண்டாம்.

இறையியல்_மாணவன்:
குலசேகரரைப் படித்திருக்கிறேன், அந்தக் கொக்குப் பாட்டு என் நோட்டிலும் இருக்கிறது. எனக்குத் தெரிகிற வித்தியாசம், அங்கே பக்தன் தாழ்ந்து படியாகிறான், இங்கே கடவுளே தாழ்ந்து வந்து மனிதர்களின் காலைக் கழுவுகிறார்.

ஆழ்வார்தாசன்:
அது வித்தியாசமே இல்லை. பரத்வம், சௌலப்யம், அதாவது எட்டாத உயர்வு, எளிதில் இறங்கி வருகிற எளிமை என்று எங்கள் ஆசாரியர்கள் இரண்டையும் பேசியிருக்கிறார்கள். உரலில் கட்டுண்டவனும் தேர் ஓட்டியவனும் யார்? ஒப்பிடும்போது பக்கத்து வீட்டைப் பாதி பார்த்துவிட்டு ஒப்பிடாதீர்கள்.

இறையியல்_மாணவன்:
சரி, அவசரப்பட்டேன், மன்னிக்கவும். வேறு மாதிரி சொல்கிறேன். பவுல் அதே பத்தியில், பத்தாம் வசனத்தில், தனக்கு வேண்டியது அவருடைய பாடுகளின் ஐக்கியம் என்கிறார். சிலுவையில் தோற்றுப்போன மாதிரி செத்த ஒருவரோடு சேர்ந்து கஷ்டப்படுவதே ஒரு ஆசை. உலகத்தில் யார் ஜெபக் குறிப்பில் இதை எழுதித் தருவார்கள்? நான் தந்ததில்லை. கிறிஸ்தவம் மேலானவர் என்று சொல்லும்போது இன்பத்தின் அளவில் மேலே என்று சொல்லவில்லை என்று நினைக்கிறேன். இதே வசனத்தைக் காட்டி வீடு, கார் வாக்குப்பண்ணுகிறவர்கள் மீது எனக்கு உங்களைவிடக் கோபம்.

தர்க்கவாதி_74:
அப்படியானால் கொல்கத்தாவின் தெரசாவுக்கு வாருங்கள். எல்லாவற்றையும் விட்டவர், இந்த விஷயத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. 1997-ல் இறந்தார், பத்து வருடம் கழித்து அவர் கடிதங்கள் வெளிவந்தன. பல பத்தாண்டுகள் உள்ளே இருட்டு, வெறுமை, கடவுள் இருப்பதாகவே தோன்றவில்லை என்று அவர் கையாலேயே எழுதியிருக்கிறார். முழு விலை கொடுத்தவருக்கே முத்து கையில் தட்டுப்படவில்லை.

வார்டு_சிஸ்டர்:
இத்தனை நாள் வாசிக்க மட்டும் செய்தேன், இப்போது எழுதாவிட்டால் தூக்கம் வராது. 22 வருடமாக நர்ஸ் வேலை. என் கணவருக்கு மூன்று வருடம் வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ். நானும் ஜெபக் குறிப்பு கொடுத்தவள்தான், ஒவ்வொரு வாரமும் ஒரே வரி, "கிட்னி கிடைக்க". கிடைக்கவில்லை. அவர் போய் நான்கு வருடம் ஆகிறது. "கணவரைவிட இயேசு மேலானவர் சிஸ்டர், சந்தோஷமா இருங்க" என்று அடக்கத்துக்கு வந்த ஒருவர் சொன்னார். அவரை நான் இன்னும் மன்னித்து முடிக்கவில்லை.

தெரசா அம்மாவைப் பற்றி ஐயா எழுதினது எனக்கு வேறு மாதிரி படுகிறது. ஒன்றும் தட்டுப்படாமலே அந்த அம்மா மறுநாள் காலையில் எழுந்து புண்ணைக் கழுவப் போனார்களே. கிடைக்கிற சுகத்துக்காக என்றால் ஒரு வருடத்தில் விட்டிருப்பார்கள். நானும் வாசிக்கிற வேதத்தில் பாதி நாள் ஒன்றும் தோன்றாது. ஆனால் நைட் டியூட்டியில் விடியற்காலை நாலு மணிக்கு யாராவது கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்னும்போது, எனக்கு அவர் வேண்டும் என்று தோன்றுகிறது. கிட்னிக்குப் பதிலாக இல்லை. கிட்னியும் வேண்டும்தான். இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

தர்க்கவாதி_74:
சிஸ்டர், உங்களோடு வாதாடமாட்டேன். ஒன்று மட்டும், யாரையும் குத்திக்காட்ட இல்லை: ஒன்று நம்மைத் தாங்குகிறது என்பதும் அது உண்மை என்பதும் வேறு வேறு. என் அப்பா கடைசி மாதங்களில் பழைய சினிமாப் பாட்டைப் போட்டுவிடச் சொல்வார், அதுவும் அவரைத் தாங்கியது.

வார்டு_சிஸ்டர்:
சரிதான் அண்ணே. நான் நிரூபிக்க வரவில்லை.

சும்மா_வாசகன்:
யாரும் தொடாத இடத்தை நான் தொடுகிறேன். மாணவன் சொன்னாரே, பவுலின் குப்பைப் பட்டியல் வம்சம், கோத்திரம் என்று. அதைத் தமிழில் சொன்னால் சாதி. யூதர்களுக்குக் கோத்திரம் நம் சாதி மாதிரி இல்லை என்று யாராவது வருவதற்குள் சொல்லிவிடுகிறேன், தெரியும். பிறப்பால் வருகிற பெருமை என்கிற அளவில் ஒன்றுதான்.

திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரி நீலகண்ட பிள்ளை 1745-ல் அங்கேதான் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். பதவி போனது, மானம் போனது, எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துப் போனார்கள், 1752-ல் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். மனிதர் உண்மையிலேயே எல்லாவற்றையும் குப்பை என்று எண்ணியவர். அதே வடக்கன்குளத்தில் பின்னால் கட்டிய கோவில் எப்படி இருந்தது தெரியுமா? கால்சட்டை மாதிரி இரண்டு கிளை, நடுவில் சுவர், இந்தப் பக்கம் இந்தச் சாதி, அந்தப் பக்கம் அந்தச் சாதி, பீடம் மட்டும் பொது. 1910-ல்தான் சுவரை இடித்தார்கள், அதற்கும் வழக்கு, கலாட்டா. 2022-ல் ரோமில் புனிதர் பட்டம் கொடுப்பதற்கு முன்பு பெயரிலிருந்து "பிள்ளை"யை எடுக்க வைக்கவே ஆட்கள் மனுப் போட வேண்டியிருந்தது.

விசா கேட்பது எனக்குத் தப்பாகத் தெரியவில்லை. பசிக்கிறவன் கேட்கத்தான் செய்வான், அன்றன்றுள்ள அப்பத்தைக் கேட்கச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். பவுல் பெயர் சொல்லித் தூக்கி எறிந்த அந்த ஒன்றைத்தான் நாம் பத்திரமாகப் பெட்டியில் வைத்திருக்கிறோம். கிறிஸ்தவக் கல்யாண விளம்பரம் ஒரு பக்கம் வாசியுங்கள்: "ஆவிக்குரிய, மறுபடியும் பிறந்த", அடுத்த வார்த்தையே சாதி.

முத்துக்குளி:
என் தங்கச்சி கல்யாணம் ஞாபகத்துக்கு வருகிறது. ஒன்றும் சொல்வதற்கில்லை.

இறையியல்_மாணவன்:
அடுத்த மாதம் எனக்கு ஒரு கிராம சபையில் பிரசங்கம் கொடுத்திருக்கிறார்கள். பிலிப்பியர் 3 எடுக்கலாம் என்று இருந்தேன். அந்த ஊரில் கல்லறைத் தோட்டமே இரண்டு. எட்டாம் வசனத்தை மட்டும் பேசிவிட்டு வந்துவிடலாமா என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன், பொய் சொல்லவில்லை.

ஆழ்வார்தாசன்:
ஐந்தாம் வசனத்திலிருந்து ஆரம்பியுங்கள். எங்கள் பக்கமும் இந்த வியாதி உண்டு, அதனால் சொல்கிறேன்.

பழைய_கொயர்பாய்:
ஒரு வாரம் கழித்து மறுபடி வந்திருக்கிறேன். நான் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று சொல்லமாட்டேன், சிஸ்டர் எழுதினதை நாலு தடவை வாசித்தேன், அவ்வளவுதான். நேற்று 38 குறிப்பு வந்தது. டைப் செய்துகொண்டே போனேன், "மகளுக்கு நம்ம ஆட்களில் நல்ல வரன்" வந்தது. முதல் பதிவில் நானே அதை எழுதியிருக்கிறேன், மேலே போய்ப் பாருங்கள், கண்ணில் படவே இல்லை. ஆறு வருடமாக மாசத்துக்கு நாலு தடவை என் விரலாலேயே அடித்திருக்கிறேன். இந்தத் தடவை "மகளுக்கு நல்ல வரன்" என்று மட்டும் அடித்துப் போட்டேன்.

பத்து நிமிடத்தில் அந்த ஆன்ட்டி போன் செய்தார்கள். "தம்பி, ரெண்டு வார்த்தை விட்டுப்போச்சே." டைப் பண்ணும்போது விட்டிருக்கும் ஆன்ட்டி என்றேன். பொய்தான்.