அமெரிக்க அரசியலமைப்பைத் திருத்த மாநாடு: 34 மாநிலங்கள் என்ற கணக்கை யார், எப்படிப் போடுவது?

தேன்மொழி (கேள்வி)

அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாம் பிரிவில் ஒரு சந்தேகம். மூன்றில் இரண்டு பங்கு மாநிலச் சட்டமன்றங்கள், அதாவது 50இல் 34, கேட்டுக்கொண்டால் திருத்தங்களை முன்மொழிய காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) ஒரு மாநாட்டைக் கூட்டியே ஆக வேண்டும் என்று இருக்கிறது. கூட்டாட்சி அரசின் வரவும் செலவும் சமமாக இருக்க வேண்டும் என்ற திருத்தத்தை ஆதரிப்பவர்களில் சிலர், 34 எப்போதோ வந்துவிட்டது, காங்கிரஸ்தான் கண்டுகொள்ளவில்லை என்கிறார்கள். எதிர்ப்பவர்கள் அதன் பக்கத்தில்கூட வரவில்லை என்கிறார்கள். ஒரே ஆவணங்களை வைத்துக்கொண்டு இரண்டு தரப்பும் எப்படி வேறு வேறு எண்ணைச் சொல்ல முடிகிறது?

இன்னொன்று. ஒரு விஷயத்துக்காகக் கூடிய மாநாடு வேறு எதையாவது கையில் எடுத்தால் தடுக்க வழி உண்டா? 13 மாநிலங்கள் மறுத்தாலே போதும் என்கிறார்களே, அதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

நூலகன்

எண் மாறுவதற்குக் காரணம், எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று ஐந்தாம் பிரிவு சொல்லவே இல்லை. எல்லாக் கோரிக்கைகளும் ஒரே பொருளைப் பற்றி இருக்க வேண்டுமா? ஒரு கோரிக்கை எத்தனை ஆண்டு செல்லும்? அனுப்பிய மாநிலம் திரும்பப் பெறலாமா? மூன்றுக்கும் அதில் விடை கிடையாது.

வரவு செலவுக் கோரிக்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1983இல் மிசௌரியோடு சேர்த்து 32 மாநிலங்கள் ஆயின. அடுத்த ஆண்டு மிச்சிகனில் முயற்சி தோற்றது. அதன் பிறகு பல மாநிலங்கள் தங்கள் கோரிக்கையைத் திரும்பப் பெற்றன. 2016இல் டெலவேர், 2017இல் மேரிலாந்து, நெவாடா, நியூ மெக்சிகோ என்று அந்த வரிசை நீண்டது. நடுவில் சில மாநிலங்கள் புதிதாகவும் சேர்ந்தன. திரும்பப் பெற்றது செல்லும் என்றால் எண்ணிக்கை சரிகிறது. செல்லாது என்றால் பழைய 32 அப்படியே நிற்கிறது, புதியவையும் மேலே ஏறுகின்றன.

ஆதரவாளர்கள் 34ஐ எட்டும் வழி வேறு. நியூயார்க் 1789இல் அனுப்பியது போல, குறிப்பிட்ட பொருள் எதுவும் சொல்லாமல் பொதுவாக மாநாடு கேட்ட பழைய கோரிக்கைகள் இருக்கின்றன. அவையும் எல்லாப் பொருளுக்கும் பொருந்தும் என்று சொல்லி வரவு செலவுக் கணக்கில் கூட்டிவிடுகிறார்கள். 200 ஆண்டுக்கு முந்தைய கோரிக்கைக்கு உயிர் இருக்குமா என்று கேட்டால், 27ஆம் திருத்தத்தைக் காட்டுவார்கள்: முன்மொழிந்தது 1789, மாநிலங்களின் ஏற்பு முடிந்தது 1992. ஆனால் 1921இல் டில்லன் எதிர் கிளாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஏற்பு என்பது ஓரளவு ஒரே காலகட்டத்து மக்கள் கருத்தைக் காட்ட வேண்டும் என்றது. அது ஏற்பைப் பற்றிய தீர்ப்பு, கோரிக்கையைப் பற்றியதல்ல. எனவே இரு தரப்பும் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கின்றன.

பொதுக் கோரிக்கையையும் தனிப்பொருள் கோரிக்கையையும் கூட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இந்த ஒரு திருத்தத்துக்கு மட்டும், மற்றபடி இக்கோரிக்கை செல்லாது என்று நிபந்தனை போட்டு அனுப்பிய மாநிலத்தின் சம்மதத்தை, கட்டுப்பாடற்ற மாநாடு கேட்ட மாநிலத்தோடு சேர்த்தால், முதல் மாநிலம் தராத சம்மதத்தை நாமே எழுதிக்கொடுத்தது போல ஆகிவிடும்.

வழிப்போக்கன்

நூலகன் சொன்னதோடு ஒன்று. எண்ணுவது யார் என்பதுகூட நீண்ட காலம் தெளிவில்லாமல்தான் இருந்தது. கோரிக்கைகள் காங்கிரஸின் நடவடிக்கைக் குறிப்பில் மற்ற மனுக்களோடு மனுக்களாகச் சிதறிக் கிடந்தன. 2015 ஜனவரியில்தான் பிரதிநிதிகள் சபை ஒரு விதி கொண்டுவந்தது: நீதித்துறைக் குழுத் தலைவர் குறித்துக் கொடுக்கும் கோரிக்கைகளையும் திரும்பப் பெறும் தீர்மானங்களையும் சபைச் செயலர் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். பட்டியலில் ஏறியது என்பதால் அது செல்லும் என்று பொருளல்ல. செல்லுமா என்று யாரும் தீர்ப்பு எழுதுவதில்லை.

கரிசல்

இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். 1787 பிப்ரவரியில் அன்றைய காங்கிரஸ் ஃபிலடெல்ஃபியா மாநாட்டுக்கு இசைவு தந்தபோது, கூட்டமைப்பு விதிகளை (இன்றைய அரசியலமைப்புக்கு முன் இருந்த சாசனத்தை) திருத்துவது மட்டுமே நோக்கம் என்று எழுதியது. அந்த விதிகளை மாற்ற 13 மாநிலங்களும் சம்மதிக்க வேண்டும். மாநாடு என்ன செய்தது? முழுப் புதிய சாசனத்தை எழுதி, 9 மாநிலங்கள் ஏற்றாலே அவற்றுக்குள் அது நடைமுறைக்கு வரும் என்று ஏழாம் பிரிவிலேயே போட்டுவிட்டது. ரோட் ஐலண்ட் ஆள் அனுப்பவே இல்லை. எல்லை மீறிப் போகும் மாநாடு என்ற அச்சம் இங்கிருந்துதான் வருகிறது.

மறுதரப்புக்கும் வலுவான பதில் இருக்கிறது. மாநாட்டுப் பிரதிநிதிகளுக்கு அதிகாரம் தந்தவை மாநிலங்கள். பெரும்பாலான மாநிலங்களின் நியமனப் பத்திரங்கள் அந்தக் காங்கிரஸ் தீர்மானத்தைவிட விரிவான சொற்களில் இருந்தன. கடைசியில் 1790 மே மாதம் ரோட் ஐலண்டும் ஏற்றுவிட்டது.

இன்று மாநிலங்கள் தேடும் பாதுகாப்பு, பிரதிநிதியைச் சட்டத்தால் கட்டுவது. இந்தியானா 2013இல் இப்படிச் சட்டம் செய்தது: அறிவுறுத்தலை மீறிப் போட்ட வாக்கு செல்லாது, தெரிந்தே மீறுவது குற்றம். குடியரசுத் தலைவர் தேர்தலுக்கான வாக்காளர் குழுவினரை மாநிலம் கட்டுப்படுத்தலாம் என்று 2020இல் சியாஃபாலோ வழக்கில் வந்த தீர்ப்பு இதற்குப் பக்கபலமாகக் காட்டப்படுகிறது. ஓட்டை எங்கே என்றால், இந்தியானா தன் ஆட்களைத்தான் கட்ட முடியும். இன்னும் 26 மாநிலங்களின் ஆட்கள் சேர்ந்து நிகழ்ச்சி நிரலை மாற்றினால் இந்தியானா செய்யக்கூடியது வெளிநடப்பு மட்டும்தான்.

அந்த 26ஐ ஏன் சொல்கிறேன் என்றால், மாநிலத்துக்கு ஒரு வாக்கா, மக்கள்தொகைப்படியா என்பதும் எங்கும் எழுதப்படவில்லை. ஒரு மாநிலம் ஒரு வாக்கு என்றால், மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத 26 சிறிய மாநிலங்கள் பெரும்பான்மை ஆகிவிடும். இந்த நடைமுறைகளை வகுக்கும் மசோதாவை 1971லும் 1973லும் செனட் நிறைவேற்றியது. பிரதிநிதிகள் சபை எடுத்துக்கொள்ளவில்லை. மாநாட்டின் வடிவம் என்ன, குறைவெண் (கூட்டம் நடக்கத் தேவையான குறைந்தபட்ச வருகை) எவ்வளவு என்பதிலெல்லாம் சிக்கல் வரும் என்று 1787 செப்டம்பர் 15 அன்றே, ஃபிலடெல்ஃபியா மாநாட்டுப் பிரதிநிதிகளில் ஒருவரான மேடிசன் எழுந்து சொன்னார். அந்தக் கேள்விகளுக்கு இன்றுவரை சட்டத்தில் விடை இல்லை. இந்த நிலையில் மாநாட்டைக் கூட்டுவது பொறுப்பான செயல் அல்ல. முதலில் நடைமுறைச் சட்டம் வரட்டும்.

தேன்மொழி

நன்றி கரிசல் ஐயா. அப்படியென்றால் 13 மாநிலம் என்ற தடுப்பு? அதோடு, ஆளுநரோ குடியரசுத் தலைவரோ இடையில் புகுந்து நிறுத்த முடியுமா?

நூலகன்

குடியரசுத் தலைவருக்கு இதில் இடமே இல்லை. திருத்தத்துக்கு அவர் கையெழுத்து வேண்டியதில்லை என்று 1798இல் ஹாலிங்ஸ்வொர்த் வழக்கிலேயே முடிவாகிவிட்டது. ஐந்தாம் பிரிவு ‘சட்டமன்றங்கள்’ என்று மட்டும் சொல்வதால் ஆளுநர் கையெழுத்தும் தேவையில்லை என்பதே பொதுவான புரிதல்.

வழிப்போக்கன்

13ஐப் பற்றி. மாநாடு முன்மொழியத்தான் முடியும். நான்கில் மூன்று பங்கு, அதாவது 38 மாநிலங்கள் ஏற்காமல் ஒரு சொல்லும் சாசனத்தில் ஏறாது. மொத்தம் 99 மாநில அவைகள். நெப்ராஸ்காவில் மட்டும் ஒரே அவை. 13 மாநிலங்களில் தலா ஒரு அவை மறுத்தாலே திருத்தம் நின்றுவிடும். காங்கிரஸின் இரண்டு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு பெற்று மாநிலங்களுக்குப் போன 33 திருத்தங்களிலேயே 27தான் தேறின. இதுவரை நான் மாநாட்டை ஆதரிப்பவர்களோடு உடன்படுகிறேன்.

ஆனால் 13 அவை என்ற கணக்கு, ஏற்பு சட்டமன்றங்கள் வழியாக நடந்தால்தான் பொருந்தும். ஏற்பு முறையைத் தேர்ந்தெடுப்பது காங்கிரஸ். மாநிலந்தோறும் தனி ஏற்பு மாநாடு என்று அது முடிவு செய்தால் அந்த 99 அவைகளில் எதுவும் ஏற்புக்கு வாக்களிக்காது. 1933இல் மதுவிலக்கை நீக்கிய 21ஆம் திருத்தம் அப்படித்தான் போனது: பிப்ரவரி 20இல் முன்மொழிந்து டிசம்பர் 5இல் முடிந்தது, பத்து மாதம்கூட ஆகவில்லை. மதுவிலக்குக்கு ஆதரவான சட்டமன்றங்களைச் சுற்றிப் போகத்தான் அந்த வழி எடுக்கப்பட்டது. எனவே தடுக்கும் கணக்குப் போடுகிறவர்கள் அவைகளை மட்டும் எண்ணாமல், தங்கள் மாநிலத்தில் ஏற்பு மாநாட்டுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 38 என்ற எண் மட்டும் இரண்டு முறையிலும் மாறாது.

செம்பருத்தி

ஒரு விஷயம் விடுபட்டது. மாநாடு கூடாமலேயே கோரிக்கைகள் வேலை செய்திருக்கின்றன. செனட்டர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று மாநிலத்துக்கு மாநிலம் கோரிக்கை குவிந்து எண்ணிக்கை நெருங்கியதும், அதுவரை மறுத்துவந்த செனட் இறங்கிவந்தது. 1912இல் காங்கிரஸே திருத்தத்தை அனுப்பியது, 1913இல் அது 17ஆம் திருத்தம் ஆனது. 1969இல், மாநிலச் சட்டமன்றத் தொகுதிகள் மக்கள்தொகையில் சமமாக இருக்க வேண்டும் என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு எதிரான கோரிக்கைகள் 33 வரை வந்தும் அப்படி எதுவும் நடக்கவில்லை. 1964 தீர்ப்புப்படி மாநிலங்கள் தொகுதிகளை அதற்குள் மாற்றியமைத்துவிட்டதால் வேகம் போய்விட்டது.

ஒரு மாநிலத்தின் தீர்மானத்தை நீங்களே சோதிக்க விரும்பினால், தலைப்பை நம்பாமல் முழு உரையை எடுங்கள். மாநாடு கேட்கிறதா, காங்கிரஸே திருத்தம் அனுப்பட்டும் என்று வேண்டுகோள் மட்டும் வைக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டாவது வகை கணக்கில் சேராது. இரண்டு அவைகளும் ஒரே வாசகத்தை நிறைவேற்றினவா, காலாவதித் தேதி இருக்கிறதா, வேறு மாநிலங்களின் எந்தக் கோரிக்கைகளோடு சேர்த்து எண்ணலாம் என்று எழுதியிருக்கிறதா என்று அடுத்துப் பாருங்கள். பிறகு அதே மாநிலத்தின் பிந்தைய தீர்மானங்களைத் தேடுங்கள். மேரிலாந்து 2017இல் செய்தது போல, பழையவை அனைத்தையும் ஒரே தீர்மானத்தில் திரும்பப் பெற்றிருக்கலாம். அதில் உங்கள் கோரிக்கையின் ஆண்டோ எண்ணோ இல்லாமலும் போகலாம்.